கேமராவில் சிக்காத 506 புலிகள்

2018ஆம் ஆண்டின் புலிக் கணக்கெடுப்புக்காக இந்தியக் காடுகளில் 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்களைக் கட்டினார்கள். அவை எடுத்துக் குவித்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். மான், காட்டுப்பன்றி, யானை, மேய வந்த மாடு எல்லாவற்றையும் கழித்தபின் புலி இருந்த படங்கள் 76,651. உடல் வரிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் அவை 2,461 தனித்தனிப் புலிகள் என்று தெரிந்தது. ஆனால் நாட்டுக்கு அறிவித்த எண் 2,967. எந்தக் கேமராவிலும் முகம் காட்டாத மீதி 506 புலிகள் எங்கிருந்து வந்தன?

பெருமைக்காக யாரோ கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. விஷயம் அதைவிடச் சுவையானது. கண்ணில் பட்டவற்றை வைத்துக் கண்ணில் படாதவற்றையும் எண்ணிவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. அது பிறந்தது காட்டில் அல்ல; பிரான்சின் பிறப்புப் பதிவேடுகளில். அங்கிருந்து டென்மார்க்கில் ஒரு தட்டைமீனின் முதுகில் ஏறி, அமெரிக்க வாத்துகளின் காலில் மாட்டிக்கொண்டு, வங்காளத்தின் ஒரு சிற்றூரைத் தொட்டு, கடைசியில் கர்நாடகக் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

கணக்கு என்னவோ மிக எளிது. ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை இருக்கிறது. கவிழ்த்துக் கொட்டாமல் அதில் எத்தனை என்று சொல்ல வேண்டும். கைவிட்டு 50 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்பு தடவுங்கள். உள்ளே போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மறுபடி கைவிட்டு 60 அள்ளுங்கள். அதில் 10 வெள்ளையாக இருந்தால் ஆறில் ஒன்று வெள்ளை. நீங்கள் தடவியதோ 50. ஆக, பானையில் சுமார் 300 கொட்டைகள்.

அவ்வளவுதான். ஆனால் இந்த எளிமைக்குப் பின்னால் சில நிபந்தனைகள் நிற்கின்றன. தடவிய சுண்ணாம்பு உதிரக் கூடாது. வெள்ளைக் கொட்டைகள் மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும். வெள்ளையானாலும் கறுப்பானாலும் கையில் அகப்படும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை அள்ளியவர், எத்தனை வெள்ளை வந்தது என்று உள்ளபடி சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் இருநூறு ஆண்டுகளாக இந்தக் கணக்கைப் படுத்தி எடுத்திருக்கிறது.

முன்னோட்டம் லண்டனில் நடந்தது. ஜான் கிரான்ட் அங்கே துணிமணி வியாபாரி. அந்நாளில் லண்டனில் எத்தனை பேர் வசித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பல பத்து லட்சம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிரான்ட் பிறப்பு, இறப்புப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை பிறப்பு என்றால் இத்தனை தாய்மார், இத்தனை தாய்மார் என்றால் இத்தனை குடும்பம் என்று படிப்படியாக ஏறி, நகரத்தின் மக்கள்தொகை சுமார் 3,84,000 என்று 1662இல் வெளியிட்ட நூலில் எழுதினார். தலைகளை எண்ணாமலே தலைக்கணக்குச் சொன்னது பெரிய துணிச்சல்.

அந்தத் துணிச்சலுக்குக் கணித முதுகெலும்பு தந்தவர் பிரான்சின் கணிதர் லாப்லாஸ். நாடு முழுக்க வீடு வீடாகப் போய் எண்ணுவது பெரும் செலவு. ஆனால் பிறப்புகள் எல்லா ஊரிலும் பதிவாகின்றன. சில ஊர்களில் மட்டும் முழுமையாக எண்ணி, அங்கே எத்தனை பேருக்கு ஒரு பிறப்பு என்று பார்த்தால் போதுமே என்றார். அரசும் ஒத்துக்கொண்டது. 30 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊர்களில் 1802 செப்டம்பர் 22ஆம் தேதி நிலவரப்படி எண்ணினார்கள். மொத்தம் 20,37,615 பேர். ஆண்டுக்குச் சுமார் 28.35 பேருக்கு ஒரு பிறப்பு. நாடு முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பிறப்பு என்று கொண்டால் மக்கள்தொகை 2 கோடியே 83 லட்சம். பதிவேட்டில் ஏறிய குழந்தைதான் இங்கே சுண்ணாம்பு தடவிய கொட்டை.

லாப்லாஸ் அதோடு நிற்கவில்லை. தன் எண் எவ்வளவு பிசகியிருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டுச் சொன்னார். எண்ணைவிட இந்த இரண்டாவது காரியத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இன்றைய புலி அறிக்கையில் இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை என்று ஓர் இடைவெளி தருகிறார்களே, அதற்கு மூதாதை அவர்தான்.

இனிக் கதை கடலுக்குத் தாவுகிறது. டென்மார்க்கின் வடக்கில், யூட்லாந்து தீபகற்பத்தின் குறுக்கே லிம்ஃபியோர்ட் என்னும் நீண்ட நீர்ப்பரப்பு கிடக்கிறது. அதற்கும் வட கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு காவல் இருந்தது. 1825 பிப்ரவரி 3ஆம் தேதி அடித்த புயலில் திட்டு உடைந்தது. கடல் உள்ளே புகுந்தது, உப்பேறியது. நன்னீர் மீன்கள் செத்தொழிய, அவற்றின் இடத்துக்குக் கடல்மீன்கள் வந்தன. அவற்றில் முக்கியமானது பிளேஸ் என்ற தட்டைமீன். நம் கடற்கரைச் சந்தைகளில் நாக்குமீன், எருமைநாக்கு என்று விற்பவற்றின் தூரத்து உறவு. ஆண்டுதோறும் குஞ்சு பிளேஸ்கள் வட கடலிலிருந்து கூட்டமாக உள்ளே வரத் தொடங்கின. மீனவர்களுக்குக் கொண்டாட்டம். கூடவே பழைய கவலையும் வந்தது. வருவதையெல்லாம் பிடித்துவிடுகிறோமா, மிச்சம் ஏதும் இருக்கிறதா?

டேனிஷ் உயிரியல் நிலையத்தின் முதல் இயக்குநர் சி. ஜி. யோஹன்னஸ் பீட்டர்சன் 1890களில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மீனுக்கு அடையாளம் இடுவது சுலபமல்ல. சாயம் பூசினால் கரையும்; கயிறு கட்டினால் அறுத்துக்கொண்டு போகும். அவர் வழியில் உருவான அடையாளம் இன்றும் பீட்டர்சன் வில்லை என்றே அழைக்கப்படுகிறது. பொத்தான் அளவில் வட்டமான வில்லைகள் இரண்டு. மெல்லிய கம்பி ஒன்றை மீனின் முதுகுத் தசையில் செருகி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வில்லைகளைக் கோத்து, கம்பி முனையை முறுக்கி விட்டுவிடுவார்கள். மீன் வளர்ந்தாலும் இறுக்காதபடி கொஞ்சம் இடைவெளி வைக்க வேண்டும். தட்டைமீனின் உடல் பலகைபோல் இருந்தது இந்த வேலைக்குத் தோதாகப் போயிற்று. உருண்டு திரண்ட மீனில் தொடங்கியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சில காலம் காத்திருந்திருக்கும்.

அடையாளமிட்டு விட்ட மீன்களில் எத்தனையை மீனவர்கள் பிடித்துத் திருப்பித் தருகிறார்கள் என்று பார்த்தால், இருப்பதில் எந்தப் பங்கு வலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். பீட்டர்சனுக்கு வேண்டியிருந்தது அந்தப் பங்குதான். அதை வைத்து மொத்தத் தொகையையும் சொல்லிவிடலாம் என்பதை நடைமுறையில் செய்து காட்டியவர் நார்வேயின் கனூட் டால். மலைக் குட்டைகளில் டிரவுட் மீன்களை அடையாளமிட்டு எண்ணி, எத்தனை பிடிக்கலாம் என்று கணித்து, 1917இல் வெளியிட்டார். அறுவடைக்கு அளவு வைப்பது என்ற எண்ணம் இந்தக் கணக்கோடு பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது.

லிம்ஃபியோர்டுக்குக் கொஞ்சம் தெற்கே விபோர்க் என்ற ஊர். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர், ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்ட்டென்சன். நம் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அவருடைய தீராத ஆவல். 1890இல் துத்தநாக வளையம் செய்து மாட்டிப் பார்த்தார். கனம் தாங்காமல் பறவைகள் தவித்தன, கைவிட்டார். வேறு உலோகம் கிடைக்க வேண்டியிருந்தது. 1886இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இரண்டு இளைஞர்கள் தனித்தனியே கண்டுபிடித்த மின்பகுப்பு முறையால், அதுவரை வெள்ளிக்கு நிகராக விலைபேசப்பட்ட அலுமினியம் மளமளவென்று மலிந்தது. 1899இல் மோர்ட்டென்சன் அலுமினிய வளையத்தில் ஊர்ப் பெயரையும் எண்ணையும் பொறித்து 165 ஸ்டார்லிங்குகளின் காலில் மாட்டினார். பறவைகள் அதைப் பொருட்படுத்தாமல் பறந்தன. ஓர் உலோகத்தின் விலை சரிந்தது பறவையியலுக்கு வாழ்வு தந்தது.

வளையம் அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்கு மூன்றாண்டே ஆயிற்று. 1902இல் வாஷிங்டன் பக்கத்தில் பால் பார்ட்ஷ் வக்கா நாரைகளின் காலில் வளையம் மாட்டினார். 1909இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஓடு, செங்கல் சூளை நடத்திவந்த ஜாக் மைனர், தானே தகட்டில் எழுத்துப் பொறித்து ஒரு காட்டுவாத்துக்கு மாட்டினார். அடுத்த ஜனவரியில் அந்த வாத்து தெற்குக் கரோலினாவில் சுடப்பட்டது. வளையம் பற்றிய சேதி அவருக்கு வந்து சேர்ந்தது. பின்னாளில் மைனர் தம் வளையங்களில் பைபிள் வசனங்களையும் பொறித்தார். வசனம் கண்ட வேட்டைக்காரர் வளையத்தைத் தூக்கி எறியத் தயங்குவார். திருப்பி அனுப்ப வைப்பதற்கு அதைவிட நல்ல உபாயம் அந்தக் காலத்தில் இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாக்கள், இறைச்சிக்காகச் சுட்டும் பிடித்தும் ரயிலில் ஏற்றியும் தீர்க்கப்பட்டு, கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது. வலசைப் பறவைகளை மத்திய அரசு காக்க வேண்டும் என்று அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1904இல், முதல் மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஷைராஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். மசோதா அப்போது நிறைவேறவில்லை. ஆனால் ஷைராஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மான் தட்டினால் தானே வெளிச்சமடித்துப் படமெடுக்கும்படி கேமராவில் கயிறு கட்டி வைத்த முன்னோடியும் அவர்தான். 1906இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. வாத்துகளுக்காகச் சட்டம் கேட்டவரே புலிகளை எண்ணப்போகும் கருவிக்கும் வழிகாட்டியானார்.

1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவை உடன்படிக்கை செய்துகொண்டன. 1920இல் வளையமிடும் வேலையை அமெரிக்க அரசே ஏற்றது. பொறுப்புக்கு வந்தவர் ஃபிரெடெரிக் லிங்கன். பத்தாண்டுக் காலம் வாத்துகளுக்கு வளையம் மாட்டி, வந்த தபால்களைப் பிரித்து அடுக்கியதில் அவருக்கு ஒன்று உறைத்தது. எங்கே வளையமிட்டாலும் முதல் வேட்டைப் பருவத்திலேயே திரும்பி வரும் வளையங்களின் பங்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. 1930இல் வெளியிட்ட அறிக்கையில் அவர் காட்டிய உதாரணம்: 5,000 வாத்துகளுக்கு வளையமிட்டு 600 திரும்பினால் 12 சதவீதம், அந்தப் பருவத்தில் நாடெங்கும் சுட்டது 50 லட்சம் என்றால் அதுவும் 12 சதவீதம், ஆக, மொத்த வாத்துகள் சுமார் 4 கோடியே 20 லட்சம். பீட்டர்சன் மீனில் கண்டதை லிங்கன் வாத்தில் கண்டார். இன்றைய பாடநூல்களில் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.

லிங்கனின் தபால் குவியல் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. வாத்துகள் கண்டபடி பறப்பதில்லை. வடக்கு தெற்காக நான்கு பெரும் வான்வழிகளில் போய்வருகின்றன. 1948 முதல் வேட்டை விதிகளை அந்த நான்கு வழிகளுக்கும் தனித்தனியே வகுத்தார்கள். 1934இல் வேட்டைக்காரர்கள் ஒரு டாலர் கொடுத்து வாத்து முத்திரை வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பணம் சதுப்புநிலங்களை வாங்கப் போனது. முதல் முத்திரையை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட்.

1930களிலும் 1940களிலும் கணக்கு எட்டுத் திசையிலும் ஓடியது. கிழக்காப்பிரிக்காவின் தாங்கனிக்காவில், தூக்க நோய் பரப்பும் செட்சி ஈக்களின் முதுகில் எண்ணெய் வண்ணப் பொட்டு வைத்து எண்ணினார் ஜாக்சன் என்ற ஆய்வாளர். விஸ்கான்சின் ஏரிகளில் ஒருமுறைக்குப் பலமுறை மீன்பிடித்தால் கணக்கை எப்படி மாற்ற வேண்டும் என்று 1938இல் எழுதினார் சோயி ஷ்னாபெல் என்ற பெண் கணிதர். இங்கிலாந்தில் ஃபிஷர், ஃபோர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்துப்பூச்சிச் சிறகில் வண்ணம் தொட்டு வைத்தார்கள்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு வந்தது விலங்குக்காக அல்ல, மனிதக் குழந்தைகளுக்காக. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூர் சுகாதார நிலையப் பகுதி. பிறப்பு, இறப்புகளைப் பதிவாளர் ஒரு பட்டியலில் எழுதுகிறார். வீடு வீடாகப் போனவர்கள் இன்னொரு பட்டியல் எடுக்கிறார்கள். இரண்டிலும் ஓட்டை உண்டு. இரண்டிலும் இருக்கும் பெயர்கள் எத்தனை என்று பார்த்தால், இரண்டிலும் விடுபட்டவை எத்தனை என்று சொல்லிவிடலாம் அல்லவா? சந்திரசேகர் என்ற இந்திய மக்கள்தொகையியலாளரும் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் இதை எழுதினார்கள். முதல் பட்டியல் முதல் வலை. இரண்டாவது பட்டியல் இரண்டாவது வலை. லாப்லாஸிடமிருந்து மீனுக்கும் வாத்துக்கும் போன கணக்கு மனிதனிடமே திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானுக்குப் போய் அங்குள்ள தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு கற்றுத்தந்து புகழ்பெற்ற டெமிங் இவர்தான். இன்றும் நம் நாட்டின் சிசு மரண விகிதத்தைச் சொல்லும் மாதிரிப் பதிவுத் திட்டத்தில், ஒருவர் தொடர்ந்து பதிய, இன்னொருவர் அரையாண்டுக்கு ஒருமுறை தனியே போய்ப் பதிய, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பறவை வளையம் நம்மிடம் வேரூன்ற ஒரு காய்ச்சல் காரணமானது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. கியாசனூர் காட்டுக் காய்ச்சல் என்று பெயர்பெற்ற அந்த நோயின் கிருமி ரஷ்யாவில் கண்ட ஒன்றின் உறவாக இருந்ததால், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவோ என்ற சந்தேகம் எழுந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. நம் கோடியக்கரை அதன் முக்கியக் களங்களில் ஒன்று. பறவைகளைக் காயமில்லாமல் பிடித்துத் தந்தவர்கள் பிகாரின் மீர்ஷிகார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த சமூகம். சந்தைக்குப் பிடித்த கைகள் அறிவியலுக்குப் பிடித்தன. பறவை நூல்களில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இதற்குள் அமெரிக்காவில் வாத்துக் கணக்கு பெரிய ஏற்பாடாகிவிட்டது. 1955 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் சிறு விமானங்கள் பனைமர உயரத்தைவிடச் சற்றே மேலே பறந்து, இருபுறமும் தெரியும் வாத்துகளை எண்ணுகின்றன. அதே தடத்தில் தரையில் நடந்து போகும் குழு, விமானத்துக்குத் தெரியாமல் போனவை எத்தனை என்று பார்த்துத் திருத்துகிறது. வேட்டைக்காரர்களில் சிலரைத் தேர்ந்து உறைகள் அனுப்புகிறார்கள். அவர்கள் சுட்ட வாத்தின் ஒரு சிறகை வெட்டி உறையிலிட்டு அனுப்ப வேண்டும். பருவம் முடிந்ததும் நிபுணர்கள் நீண்ட மேசைகளைச் சுற்றி நின்று சிறகு சிறகாகப் பார்க்கிறார்கள். இறகின் நுனி தேய்ந்திருக்கிறதா, ஓரத்தின் நிறம் என்ன என்பதை வைத்து இனம், ஆணா பெண்ணா, இந்த ஆண்டுக் குஞ்சா பழைய பறவையா என்று சொல்லிவிடுவார்கள். இளம் சிறகுகள் அதிகம் வந்தால் அந்த ஆண்டு இனப்பெருக்கம் நன்றாக நடந்திருக்கிறது.

ஆனால் கணக்கின் அடியில் ஓர் ஓட்டை இருந்தது. வளையத்தோடு வாத்தைச் சுட்டவர் எல்லோரும் தகவல் சொல்கிறார்களா? 1980களின் பிற்பகுதியில் சில வளையங்களில் மட்டும் பரிசுத்தொகை பொறித்து விட்டார்கள். பணம் இருந்தால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். பரிசு வளையங்களையும் சாதா வளையங்களையும் ஒப்பிட்டபோது, மல்லார்ட் வாத்துகளின் சாதா வளையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் தெரிவிக்கப்படுகிறது என்று தெரிந்தது. இது சின்னப் பிசகல்ல. மூவரில் இருவர் மௌனமாக இருந்துவிட்டால், காகிதத்தில் வாத்துகள் மும்மடங்காகிவிடும். சுடப்படும் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கித் தெரியும். அதை நம்பி வேட்டைக்கு அனுமதி தந்தால் விளைவை வாத்துகள் அனுபவிக்கும். பிறகு கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை வளையத்திலேயே பொறித்தார்கள். தகவல் தருபவர்கள் வெகுவாகக் கூடினார்கள்.

அந்தப் பரிசு வளைய ஆய்வின் முதன்மை ஆசிரியர் ஜேம்ஸ் நிக்கல்ஸ், மேரிலாந்தின் பாட்டக்சென்ட் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர். வேட்டையில் இறந்த வாத்துகள் எப்படியும் குளிரிலும் பசியிலும் இறந்திருக்கக்கூடியவைதானா, அல்லது வேட்டை உண்மையிலேயே கூடுதல் சாவா என்று வேட்டைத் தரப்பும் பாதுகாப்புத் தரப்பும் பல ஆண்டுகள் மோதிக்கொண்டிருந்தன. நிக்கல்ஸும் சகாக்களும் சொன்ன வழி நேர்மையானது. இரண்டு கட்சிகளின் கருத்தையும் கணக்காக எழுதுவோம். அடுத்த வசந்தத்தில் எத்தனை வாத்து இருக்கும் என்று இரண்டும் முன்கூட்டியே சொல்லட்டும். எது சரியாகச் சொன்னதோ அதன் பேச்சுக்கு அடுத்த ஆண்டு எடை கூட்டுவோம். 1995 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைப் பருவத்தின் நீளமும், ஒருவர் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்பதும் இப்படித்தான் முடிவாகின்றன.

அதே கண்டத்தில், அதே காலத்தில், எதிர்மறைப் பாடமும் நடந்தது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் மிஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரண்டு நின்றதால் பெரிய இழுவைப் படகுகளின் வலை நிறைந்தபடியே இருந்தது. அந்த மீன்பிடிப்பு அளவை நம்பி, கடலில் மீன் இருக்கிறது என்று கணித்தார்கள். 1992 ஜூலை 2ஆம் தேதி கனடா மீன்பிடிப்பை நிறுத்தியது. ஏறக்குறைய 30,000 பேர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள்.

இந்தியாவிலோ புலிகளை அப்போதும் காலடித் தடம் பார்த்துத்தான் எண்ணிவந்தார்கள். 1960களில் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறை அது. வனக்காவலர் புழுதியில் பதிந்த தடத்தின்மேல் கண்ணாடியை வைத்துக் குனிந்து கோடு வரைவார். சாந்து ஊற்றி அச்சும் எடுப்பார். பின்னங்கால் தடங்களின் அளவையும் வடிவையும் ஒப்பிட்டு, இது இன்ன புலி என்று பிரிப்பார்கள். 1972இல் 1,827 என்று வந்த எண்ணிக்கை தேசத்தை உலுக்கி, அடுத்த ஆண்டு புலித் திட்டத்தைப் பிறப்பித்தது. அந்தக் காவலர்களின் உழைப்பில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. குறை முறையில் இருந்தது. ஈரமண்ணில் ஒரு தடம், காய்ந்த மண்ணில் வேறு தடம். ஒரே புலி இரண்டாகலாம். எல்லாப் புலியின் தடமும் கண்ணில் பட்டுவிட்டது என்று கொள்வதைத் தவிர வழியில்லை. சரிபார்க்க இரண்டாவது வலை கிடையாது.

இங்கே நுழைகிறார் உல்லாஸ் காரந்த். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். பொறியியல் படித்துவிட்டுப் புலிகள் பக்கம் வந்தவர். புலிக்கு வளையம் மாட்ட வேண்டியதில்லை, பிறக்கும்போதே அது அடையாளத்தோடுதான் வருகிறது. ஒவ்வொரு புலியின் வரியும் வேறு என்பதை 1920களிலேயே, கயிற்றுப் பொறி கேமராவால் இந்தியக் காட்டுப் புலிகளைப் படமெடுத்த வன அதிகாரி சாம்பியன் கவனித்திருந்தார். நாகரஹொளேயில் காரந்த் புலி நடக்கும் தடங்களின் இருபுறமும் எதிரெதிரே கேமராக்களைக் கட்டினார். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. இரண்டும் ஒரே நொடியில் கிடைத்தால்தான் ஆள் யார் என்று அடித்துச் சொல்ல முடியும். முதல் படம் சுண்ணாம்பு தடவுவதற்குச் சமம். அடுத்து வரும் படங்கள் மறுபடி அள்ளுவதற்குச் சமம். 1995இல் அந்த முறை அச்சேறியது. 1998இல் நாகரஹொளே, கன்ஹா, பெஞ்ச், காசிரங்கா நான்குக்கும் விரிந்தது. உடன் எழுதியவர் பாட்டக்சென்ட்டின் அதே ஜேம்ஸ் நிக்கல்ஸ். எத்தனை வாத்தைச் சுடலாம் என்று பார்க்க வளர்ந்த கணிதம், ஒன்றைக்கூடச் சுடக் கூடாத விலங்குக்குக் காவலாக வந்து நின்றது.

ஆனாலும் நாடு தழுவி முறை மாற ஓர் அவமானம் தேவைப்பட்டது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஆவணங்களின்படி பத்துக்கு மேற்பட்ட புலிகள் உயிரோடு இருந்தன. 2005 வாக்கில் தேடினால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக் கும்பல்கள் தீர்த்திருந்தன. தடம் எண்ணும் முறை கைவிடப்பட்டது. புதிய முறையில் 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தந்த எண் 1,411. முந்தைய எண்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சி. எனக்கோ அதுதான் இந்த நூற்றாண்டின் நல்ல செய்தி, ஏனென்றால் முதல்முறையாகத் தன் பிசகையும் சேர்த்துச் சொன்ன எண் அது.

கணக்கு இதற்குள் எங்கெல்லாமோ போய்விட்டது. பெருவில் 1980 முதல் 2000 வரை நடந்த உள்நாட்டு மோதலில் கொல்லப்பட்டோர், காணாமல் போனோர் பெயர்களாக 23,969 பேர் பதிவாகியிருந்தார்கள். தனித்தனியே திரட்டிய பட்டியல்களில் எத்தனை பெயர் பொதுவாக வருகிறது என்று ஒப்பிட்டு, உண்மை எண் சுமார் 69,280 என்று 2003இல் அந்நாட்டு உண்மை ஆணையம் கணித்தது. இலங்கைப் போரின் கடைசி மூன்று நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்ட தமிழர்கள் சுமார் 500 பேர் என்று 2018இல் வெளிவந்த முதற்கட்ட மதிப்பீடும் உறவினர்களும் சாட்சிகளும் தந்த பெயர்ப் பட்டியல்களை இப்படி ஒப்பிட்டுச் செய்ததுதான். ஒரு டேனிஷ் மீன்வள ஆய்வாளரின் வில்லை, பெயர் சொல்ல ஆளில்லாதவர்களையும் கணக்கில் சேர்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

2018இன் அந்த 506க்கு வருவோம். அதில் ஒரு பகுதி, திரும்பத் திரும்பப் படத்தில் வந்தவற்றின் விகிதத்திலிருந்து கணித்தது. மறு பகுதி, கேமரா கட்டாத காடுகளில் தடம், எச்சம், இரை விலங்குகளின் இருப்பு ஆகியவற்றை வைத்து ஊகித்தது. முதல் பகுதியின் கணிதம் உறுதியானது. இரண்டாவதில் ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு. கேள்வி எழுப்பியவர்களில் காரந்தும் ஒருவர். படங்களையும் மூலத் தரவையும் வெளியாட்கள் சரிபார்க்கும்படி பொதுவில் வைப்பதுதான் அந்தச் சச்சரவைத் தீர்க்கும் என்பது என் கட்சி. 2022 கணக்கில் தமிழ்நாட்டுக்கு 306 புலிகள் என்று படித்துப் பூரிக்கும் நமக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

நமக்கு ஒரு கடமையும் இருக்கிறது. கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ காலில் உலோக வளையமோ நிறக் கொடியோ கொண்ட பறவை கண்ணில் பட்டால், அல்லது இறந்து கிடந்தால், வளையத்தின் எண்ணையும் எழுத்துகளையும், இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படமெடுங்கள். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்ற முயலாதீர்கள். தகவலை மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள்.